அவர் பெயர் ஒட்டிய குழாய்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ‘ஒரே குத்து’ என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுக்கிறார். இரண்டாம் தரம் ஊசி குத்தினார் என்று ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம். அந்தப் பெருமைதான் மனுஷனைக் கெடுத்தது.

பதினைந்து வருடமாக அவருக்குச் சர்க்கரை. இந்த ஒரு வருடமாக மறதியும் சேர்ந்துகொண்டது. வந்தவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, பெயரை மூன்று தரம் கேட்பார். நான்காம் தரம் கேட்க வெட்கப்பட்டு, சீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். சர்க்கரை உள்ளவர்களின் ஞாபகம் மங்கப்போவதை, ரத்தத்தில் இருக்கும் சில அளவுகளை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். “நம்ம ஸ்டாஃப்ல சர்க்கரை இருக்கிறவங்களும் ரத்தம் குடுங்க” என்றார். இவருக்குத் தன் மறதி ஞாபகம் வந்தது. குட்டு வெளிப்பட்டால் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிடுவார்களே.

மறுநாள் காலை, வெறும் வயிற்றில் இருந்த மனைவியின் கையைப் பிடித்தார். “சும்மா ஒரு செக்கப்” என்றார். தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்தவள் இல்லை. நல்ல ரத்தம் என்று நம்பினார். ஊரார் ரத்தத்தையெல்லாம் எடுத்த மகானுபாவர், அவளுடையதை அதுவரை ஒரு தரம்கூடச் சோதித்ததில்லை. குழாயில் தன் பெயரை ஒட்டினார்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். “சர்க்கரை தாறுமாறா இருக்கு. நாங்க தேடற அளவுகளும் கூடுதல். மருந்தை மாத்தறேன். வீட்ல நீங்கதான்மா இவரைக் கவனிச்சுக்கணும்.”

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் பார்த்துக்கறேன் டாக்டர். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

அவர் மேஜைமேல் இருந்த ரிசல்ட் தாளைப் பார்த்தார். பேசாமல் எழுந்து போனால் வேலை தப்பும். மருந்து இவர் வயிற்றுக்குப் போகும், நோய் அவள் உடம்பிலேயே கிடக்கும். சீ, இதையும் ஒரு நிமிஷம் யோசித்தோமே என்று கூனிக் குறுகிப்போனார்.

“அது என் ரத்தம் இல்ல டாக்டர். இவளோடது. என் மறதி தெரிஞ்சுடும்னு...”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மனைவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ இவருக்கு எப்படி இருக்குன்னு இன்னும் தெரியாதா டாக்டர்?” என்றாள். “முதல்ல இவருக்கு எடுங்க.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். தலையை நிமிர்த்த முடியவில்லை.