ஒரே பக்கத்தில் இரண்டு மரண அறிவித்தல்

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டின கையோட, மொன்றியலில எங்கட தமிழ்ப் பத்திரிகைக்கு ஆசிரியராய்ப் போனன். முதல் நாளே தலையங்கம் ஒண்டு எழுதிக்கொண்டு போனன். முதலாளி அதை வாங்கி, நாலாய் மடிச்சு, ஆடுற மேசைக்காலுக்குக் கீழ வைச்சார்.

"தம்பி, இதை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். சாவுப் பக்கத்தைப் பிழையில்லாமல் போடும். அதிலதான் பத்திரிகை நிக்குது."

மேசை ஆடுறது நிண்டிட்டுது.

மரண அறிவித்தலில எங்கட சனம் முதல் தேடுறது செத்தவரை இல்லை, தங்கட பேரை. ஒரு மருமகன்ர பேர் விடுபட்டாலும் அந்தக் குடும்பம் பேந்து எங்கட பக்கம் தலைவைச்சும் படுக்காது. அதனால எனக்கு ஒரே சட்டம்: கொண்டுவந்தவர் எழுதினபடி போடுறது.

ஒருமுறை பியர்பொன்ட்ஸிலயிருந்து அந்தோனி எண்டவர் தகப்பன்ர அறிவித்தலோட வந்தார். பிள்ளையள் எண்ட இடத்தில அவற்ற பேர் மட்டும் இருந்தது. பின்னேரம் ஒரு ரெலிபோன்.

"அண்ணை, நான் ரீற்றா, அந்தோனியின்ர தங்கச்சி. கர்க்லாண்டிலயிருந்து கதைக்கிறன். அப்பான்ர அறிவித்தலில என்ர பேர் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

"பிரெஞ்சுக்காரனைக் கட்டினதோட அண்ணா என்னைக் கைகழுவிட்டார். பேரில்லாட்டி நாளைண்டைக்குச் சேர்ச்சில பூசையில நான் எப்பிடி முன்வாங்கில சொந்தக்காரரோட இருக்கிறது? ஆர் இவ எண்டு கேப்பினம்."

எனக்குப் பாவமாய்ப் போச்சு. ஆனால் சட்டம் சட்டம்தான். "நீங்களும் ஒண்டு கொண்டுவாங்கோ. எழுதினபடி போடுறன்" எண்டன்.

ஒரே ஆள் ஒரே பக்கத்தில இரண்டுதரம் காலமானார். முதலாளி தலையில கைவைச்சுக்கொண்டு இருந்திட்டார்.

பேப்பர் கடைக்குப் போன கையோட அந்தோனி வந்து நிண்டார்.

"ஆரைக் கேட்டு ஐசே இதைப் போட்டனீர்?"

"செத்தவற்ற மகளைக் கேட்டு."

மேசையில அடிக்கக் கையை ஓங்கினவர், ரீற்றா தன்ர அறிவித்தலோட குடுத்த படத்தில கண்பட்டு அப்பிடியே நிண்டார். கிழவர் அவவின்ர வீட்டுச் சோபாவில, மடியில பேரனை வைச்சுக்கொண்டு சிரிக்கிறார்.

"இந்தச் சுவெற்றர் போன நத்தார்ப் பண்டிகைக்கு நான் வாங்கிக் குடுத்தது" எண்டார். "ஞாயிறு பின்னேரங்களில அப்பா செபக் கூட்டம் எண்டு பஸ் எடுத்துப் போறவர்."

நான் படத்தை அவற்ற பக்கம் திருப்பி வைச்சன்.

"சிரிக்கிறார், என்ன" எண்டார். "எங்கட வீட்டில சிரிச்ச படம் ஒண்டும் இல்லை."

அடுத்தநாள் பூசைக்குப் போனன். முன்வாங்கில அந்தோனி, பக்கத்தில ரீற்றா. அவவின்ர புருஷனும் பெடியனும் இருக்க இடம்விட்டு அந்தோனி நெருக்கி ஒதுங்கி, வாங்கு நுனியில அரை இடத்தில இருந்தார்.

அதோட என்ர சட்டத்தை மாத்திப்போட்டன். அறிவித்தலோட ஆர் வந்தாலும் முதல் கேக்கிறது, ஆரை விட்டிருக்கிறியள் எண்டுதான். செத்தவற்ற பேரைப் பேந்து கேக்கலாம்.