வெள்ளம் வடிந்தபின் வந்த படகுகள்

தணிக்கை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தேய்ந்த ஓர் அம்மாவின் மேசைக்கு, வெள்ளத்தின்போது டெண்டர் இல்லாமல் நாற்பது படகுகள் வாங்கிய கோப்பு வந்தது. காரணம்: அவசரம். கிடங்குக்குப் போய்ப் பார்த்தார். படகுகள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. அவை வந்து சேர்ந்ததே வெள்ளம் வடிந்து ஏழு மாதம் கழித்துத்தான்.

"கழுத்து வரைக்கும் தண்ணி வந்தப்போ டெண்டர் விட்டுக்கிட்டா இருக்க முடியும், மேடம்?" என்றார் வாங்கிய அதிகாரி.

"முடியாதுதான் சார். ஆனா படகு ஏன் தண்ணி வத்தினப்புறம் வந்துச்சு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த அம்மா எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினார். ஒரு வருடம் கழித்து, 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று மட்டும் துறையிலிருந்து பதில் வந்தது. அதற்குள் அதே நிறுவனத்துக்கு இன்னொரு அவசர ஆர்டரும் போயிருந்தது.

"இன்னுமா சுவத்துல முட்டிக்கிறே?" என்றார் கணவர்.

"நான் எழுதலைன்னா, கோப்புல படகு நேரத்துக்கு வந்துச்சுன்னு ஆயிடும்ங்க" என்று சொல்லிவிட்டு, வீங்கிய கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.