மூடுபனிக்கும் வணக்கம்

அந்துருண்டை வாசனை வந்தால் எனக்கு சாம்பார் ஞாபகம் வரும். மற்றவர்களுக்குப் பழைய பீரோவும் பட்டுப்புடவையும் வருமாம். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஊட்டி போயிருந்தேன். பெட்டியின் அடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து உதறியதும் அந்த வாசனை கிளம்பியது. மண்டபத்துப் பந்தியிலிருந்து சாம்பார் வாசனையும் வந்து சேர்ந்துகொண்டது. தாலி கட்டும் நேரத்தில் நான் மேடையைப் பார்க்காமல், ஒரு ஓட்டல் வாசலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அட்சதை போட மறந்துபோனது.

பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன் ஊட்டியில் ஒரு சைவ ஓட்டலில் நான் கேப்டனாக இருந்தேன். மேசை மேசையாகப் போய் ஆர்டர் எடுப்பவனுக்கு அங்கே அதுதான் பெயர். கப்பல் கிடையாது, எனக்குக் கீழே ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. கொரோனா அடங்கி, சமவெளிக்காரர்கள் மறுபடியும் கூட்டமாக மலையேறத் தொடங்கிய நேரம் அது.

ஓட்டலை நடத்திய கம்பெனியும் சமவெளியில் பிறந்ததுதான். அதன் மற்ற கிளைகள் எல்லாம் வெயிலில் இருந்தன, எங்களுடையது ஒன்றுதான் மலையில். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சீருடை. ஆண்களுக்கு மெரூன் நிற அரைக்கைச் சட்டை, பெண்களுக்கு அதே நிறத்தில் சேலை. அதன் மேல் வேறு எதுவும் அணியக் கூடாது என்பது விதி. எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். அவர் உட்கார்ந்து எழுதிய அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் மேனேஜர் பெயர் போஜன். சோலூர்ப் பக்கத்துப் படுகர். அவர்கள் ஊர்களில் தெருவுக்கு நான்கு போஜன்கள் இருப்பார்கள். ஆனால் ஓட்டல் மேனேஜருக்கு அந்தப் பெயர் அமைந்ததைக் கோயமுத்தூர்க்காரர்களால் தாங்க முடியாது. சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "ஏனுங்க, பேரே போஜனமுங்களா?" என்பார்கள். "'னம்' உள்ள ரெடியாயிட்டிருக்குதுங்க, உக்காருங்க" என்பார் இவர்.

அவர் விதிகளை வெறுப்பவர் அல்ல. காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி நகம் பார்ப்பார். சாம்பார்க் கரண்டி ரசத்துக்குள் போனால் ரசத்தையே கொட்டச் சொல்வார். "ரூலு இல்லீன்னா ஓட்டலே இல்லீங்க" என்று அடிக்கடி சொல்வார். பின்னால் ஸ்வெட்டர் விஷயத்தில் அவர் பட்ட அவதிக்குக் காரணமும் அதுதான். விதியை மதிக்காதவனாக இருந்தால் சத்தமில்லாமல் மீறிவிட்டுத் தூங்கப் போயிருப்பான்.

சமையலறையில் இருந்தவர்களுக்கு அடுப்பு இருந்தது. எங்களைப் போன்ற பரிமாறும் ஆட்களுக்கு நடை இருந்தது. ஒன்றும் இல்லாமல் நின்றவர் மல்லிகா அக்கா ஒருவர்தான். கண்ணாடிக் கதவைத் திறந்து வணக்கம் சொல்வது அவர் வேலை. கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பது அதற்கான விதி. அந்த வாசலில் பிற்பகல் வந்தால் மூடுபனி படியேறி வரும். எதிரே நிறுத்தியிருக்கும் வேன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கடைசியில் மல்லிகா அக்காவின் 'வணக்கம்' மட்டும்தான் கேட்கும்.

அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கூடலூரைத் தாண்டிச் சேரங்கோட்டில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. இவரும் அங்கே கொழுந்து பறித்தவர்தான். மகள் காலேஜில் படிக்க வேண்டும் என்பதற்காக ஊட்டியில் ஒரு அறை எடுத்து வந்து, இந்தக் கதவைப் பிடித்திருந்தார். வேலை போனால் அறை போகும், அறை போனால் மகளின் படிப்பு போகும். இதை அவரே, யாருக்கோ நடப்பதைப் போலச் சொல்வார்.

தோட்டத்துப் பழக்கத்தில் மேனேஜரைத் 'தொரை' என்றுதான் கூப்பிடுவார். 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்பதும் விதிதான். அதைப் போஜன் கண்டுகொள்ளவில்லை. தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். குறைந்தால் அரைப் பேர். மல்லிகா அக்கா வாசலிலிருந்து தலையை நீட்டி, "தொரை, அரைப் பேரு போட்டாலும் சரி, செத்த உள்ள நின்னுக்கிறேனே" என்பார். எல்லாரும் சிரிப்போம். அவருக்கு இழுப்பு இருந்தது. இருமல் வந்தால் வேன்களுக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் அடைத்து இருமிவிட்டு வருவார். அப்போது யாரும் சிரிக்கமாட்டோம்.

முதலில் நாங்கள் கண்டுபிடித்த வழி, ஸ்வெட்டரைச் சட்டைக்கு உள்ளே போடுவது. கம்பெனி தலைமை அலுவலகத்தில் எங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் அங்கிருந்து போன் வந்தது. போஜன் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க ஸ்டாஃப் எல்லாரும் ஏன் சார் திடீர்னு குண்டாயிட்டாங்க?"

"ஊட்டித் தண்ணி அப்படிங்க."

அந்த வாரமே அவர் ஏரிப் பக்கத்துத் திபெத்தியர் கடைகளுக்குப் போய், சீருடைக்கு ஒத்த மெரூன் நிறத்திலேயே ஸ்வெட்டர்கள் வாங்கி வந்தார். மூட்டையைப் பிரித்ததும் ஓட்டல் முழுக்க அந்துருண்டை வாசனை. ஒரு வாடிக்கையாளர் சாம்பாரை முகர்ந்து பார்த்து, "இது என்ன மசாலாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் ஏதோ மலை மூலிகை என்று சொல்லி வைத்தேன். இரண்டாவது கப் வாங்கிச் சாப்பிட்டார்.

பனி இறங்கினால் மல்லிகா அக்கா கதவுக்கு உள்ளே நின்று திறக்கலாம் என்று போஜன் சொல்லிவிட்டார். நான் அந்த ஓட்டலில் சந்தோஷமாக வேலை செய்தது அந்தக் கொஞ்ச காலம்தான்.

பிறகு ஏரியா மேனேஜர் வந்தார். சமவெளியிலிருந்து வந்தவர், ஜெர்கின், மஃப்ளர், மங்கி குல்லா என்று காரிலிருந்து மெதுவாக இறங்கினார். கதவு உள்ளிருந்து திறந்தது. மல்லிகா அக்கா ஸ்வெட்டரோடு கும்பிட்டார்.

"என்ன போஜன், இது யார் குடுத்த யூனிஃபார்ம்?"

"நம்ம கலருதானுங்க சார்."

"கலரைக் கேக்கல. யார் அப்ரூவல்?"

"குளிருங்க சார்."

"குளிர் அப்ரூவல் குடுத்துச்சா?"

குல்லாவைக் கழற்றாமலே உட்கார்ந்து காபி கேட்டார். கஸ்டமர் ஊட்டிக்கு வருவதே குளிருக்குத்தான், நம் ஆட்களே குளிருக்குப் பயந்த மாதிரி நின்றால் எப்படி என்றார். போஜனின் காது சிவந்ததைப் பார்த்தேன். "அந்த ஜெர்கினைக் கழட்டி வெச்சுப்போட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நில்லுங்க சார். அப்பறம் சொல்லுங்க."

 ஆனால் ஏரியா மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. குரல் இறங்கியது. "எல்லாருக்கும் முடியாது. அந்தம்மா ஒருத்தருக்குன்னா பாக்கலாம். மேல சொல்ல ஒரு காரணம் குடுங்க."

கேட்டதைக் கொடுத்துவிட்டார் போஜன். "அந்தம்மாவுக்கு வீசிங்குங்க சார். குளுருல நின்னா இருமி இருமிச் சாகறாங்க."

ஏரியா மேனேஜர் காபியைக் கீழே வைத்தார். "இருமறாங்களா? சாப்பாட்டுக் கடை வாசல்லயா?"

அதற்கும் ஒரு விதி இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு சேர்த்தது. டாக்டர் சான்றிதழ் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். டாக்டரும் நல்ல மனிதராகப் போய்விட்டார். இது தொற்று நோய் அல்ல, இவர் குளிர்காற்றில் நிற்கக் கூடாது என்று உண்மையை எழுதி, இரண்டாவது பகுதிக்கு அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். கம்பெனி அடிக்கோட்டை மட்டும் படித்தது. வேலை கதவுக்கு வெளியே, இவர் வெளியே நிற்கத் தகுதியில்லாதவர், உள்ளே காலியிடம் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. போஜன் திரும்பத் திரும்பப் போன் செய்தார். அந்தப் பக்கம் ஒவ்வொருவரும் மரியாதையாகவே பேசினார்கள்.

சேலையை ஒப்படைக்க மல்லிகா அக்கா வந்தபோது மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. ஸ்வெட்டரையும் மேலே வைத்திருந்தார். அது உங்களுக்குத்தான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் போஜன். அக்கா எடுக்கவில்லை.

"இத்தன நாளா நான் இருமல அடக்கிக்கிட்டு நின்னேன் தொரை. நீங்க ஒரு நிமிசம் வாய அடக்கியிருக்கலாம்."

திட்டும் குரல் இல்லை அது. பரீட்சை முடிவதற்கு முன்பே மகளையும் கூட்டிக்கொண்டு கூடலூர் பஸ் ஏறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

போஜன் ஸ்வெட்டர்களைத் திரும்ப வாங்கி, அந்துருண்டை போட்டு, சாமான் அறையில் சாம்பார்ப் பொடி மூட்டைக்குப் பக்கத்தில் கட்டி வைத்தார். சாமான் அறையில் துணி வைக்கக் கூடாது என்பதும் விதி. அந்த ஒன்றை மட்டும் மீறினார். மற்ற எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் நடத்தினார். ஆனால் காலையில் எங்கள் நகங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்து நானும் கிளம்பினேன்.

போன வாரம் கல்யாணச் சாப்பாடு முடிந்து, காபிக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டு அங்கே போனேன். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் மெரூன் ஸ்வெட்டரில் இருந்தார்கள். மார்பில் கம்பெனி முத்திரை. கம்பெனியே கொடுத்ததாம், போட்டோவில் நன்றாக விழுகிறதாம். புது மேனேஜர் இளைஞர். போஜனைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு முன்னாடி இருந்தவரு பேரு வேறீங்க" என்றார். அவருக்கும் முன்னால் இருந்தவர்களை அவர் கேள்விப்பட்டதில்லை. மல்லிகா அக்காவின் எண்ணை எப்போதோ அழைத்துப் பார்த்திருக்கிறேன். உபயோகத்தில் இல்லை.

வாசலில் இப்போது யாரும் நிற்பதில்லை. தானியங்கிக் கதவு. ஆள் வந்தால் விலகும், எங்கிருந்தோ ஒரு பெண் குரல் 'வணக்கம்' சொல்லும். நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பனி படியேறி வந்தது. கதவு விலகியது. வணக்கம். யாரும் வரவில்லை. கதவு மூடி, மறுபடியும் விலகியது. வணக்கம்.

நான் பார்ப்பதைக் கவனித்த கேப்டன் சங்கடமாகச் சிரித்தார். "மிஸ்ட் வந்தா இப்படித்தானுங்ணா. ஆளு நிக்குதுன்னு நெனச்சுக்குது."