மீன்கடைப் பனிக்கட்டி

என் மனைவியின் வீட்டாரும் என் வீட்டாரும் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவர்கள். கேக்கில் முட்டை கலந்திருப்பதை வாசனையிலேயே கண்டுபிடித்துத் தட்டை நகர்த்திவிடும் குடும்பங்கள். அப்படிப்பட்ட இருவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதக் காலையில், தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மீன்கடை வரிசையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அது எதற்காக என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவள் இருந்தவரை எழுதவில்லை. எழுதினால் வரிக்கு வரி திருத்துவாள். இப்போது திருத்த ஆளில்லை. ஆகவே கூடுதல் கவனத்தோடு எழுதுகிறேன்.

நான் மத்திய அரசில் சட்டங்களை வரையும் பிரிவில் பணியாற்றினேன். கோல் மார்க்கெட் அருகே அரசுக் குடியிருப்பில் வீடு. அவள் திருமணத்துக்கு முன்பே உயிர்வேதியியலில் முதுகலை முடித்திருந்தாள். மகள் புசா ரோட்டுப் பள்ளியில் மேல்வகுப்புகளுக்குப் போனபின், நாற்பதை நெருங்கும் வயதில், தெற்குத் தில்லி ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். உடன் ஆய்வு செய்த இளைஞர்கள் அவளை ஆண்டிஜி என்றார்கள்.

"கூப்பிடட்டும் அத்தான். டாக்டர் ஆண்டிஜின்னு கூப்பிட வைக்கேன், பாருங்க" என்றாள் என்னிடம்.

அவள் எடுத்துக்கொண்ட பொருளை, அவள் எனக்கு விளக்கியபடியே சொல்கிறேன். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் ஒரு சுரப்பி உண்டு. அது கொலஸ்டிராலிலிருந்து சில ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. கொழுப்பின் இனம் என்பதால் செல்லின் சவ்வு அவற்றைத் தடுப்பதில்லை. நேரே உள்ளே போய்விடும். உள்ளே அவற்றைப் பற்றிக்கொள்வதற்கென்றே ஒரு புரதம் காத்திருக்கிறது. அவள் ரிசெப்டர் என்பாள். நான் ஏற்பி என்று எழுதுகிறேன். ஹார்மோனைப் பற்றியதும் ஏற்பி வடிவம் மாறி, செல்லின் கருவுக்குள் சென்று, மரபணுக்களில் சிலவற்றை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கிவைக்கும். பட்டினி கிடக்கும்போது ஈரல் சர்க்கரை செய்வது, பட்ட காயத்தின் வீக்கம் ஓர் அளவில் நிற்பது, உடம்பில் உப்பு தங்குவது எல்லாம் இந்த வழியில்தான் நடக்கின்றன.

"அப்படியானால் ஹார்மோன் என்பது ஓர் அரசாணை" என்றேன், எனக்குத் தெரிந்த துறையிலிருந்து.

"ஆணைன்னா எல்லா ஆபீசுலயும் ஒண்ணுபோல நடக்கணும்லா? இது ஈரல்ல போய் ஒண்ணைக் கட்டும், தசையில போய் ஒண்ணைக் கரைக்கும். அனுப்புனது ஒண்ணுதான். வாங்குற இடம் எப்படியோ, அப்படித்தான் காரியம். உங்க மந்திரிமாரு இதைக் கேட்டா வருத்தப்படுவாவ."

அவளுடைய கேள்வி முதுமையைப் பற்றியது. வயதேறும்போது ஈரலில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறதா? எலிகளின் ஈரலை அரைத்து, தெளிந்த நீரைப் பிரித்து, கதிரியக்கம் ஏற்றிய செயற்கை ஸ்டீராய்டு ஒன்றை அதில் கலப்பார்கள். ஏற்பிகள் பற்றிக்கொண்டது போக மீதியைக் கரித்தூள் உறிஞ்சிவிடும். பற்றியது எவ்வளவு என்று கருவி எண்ணும். எலியின் சொந்த ஹார்மோன் முன்பே ஏற்பிகளை அடைத்திருந்தால் கணக்கு தவறும் என்பதால் சுரப்பியைச் சில நாள் முன்னரே அகற்றிவிடுவார்கள். அதன்பின் அந்த எலிகளின் உடம்பில் உப்பு நிற்காது. உப்புத் தண்ணீர் வைக்க ஞாயிற்றுக்கிழமைகளிலும் பஸ் ஏறிப் போவாள்.

சில ஆண்டு உழைப்பில் விடை தெளிவாக வந்தது: கிழ எலிகளில் ஏற்பிகள் குறைவு. பேராசிரியர் மகிழ்ந்தார். அவர் வங்காளி, கனிவானவர். ஆய்வேட்டின் பெரும்பகுதி தட்டச்சாகிவிட்டது. அந்த வசந்த காலத்தில் ஒருநாள், குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாய்களை வெயிலில் உதறி டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள், கையில் ஒன்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான், கிழட்டு எலியெல்லாம் நான் வெயில் காலத்துலதான் பாத்திருக்கேன். இளசெல்லாம் குளிர்ல பாத்தது."

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். ஹார்மோனைப் பற்றாத ஏற்பி சூட்டில் நிலைக்காது. பற்றும் திறனை இழந்துவிடும். ஆகவே ஈரலை அரைப்பது முதல் எல்லாவற்றையும் பனிக்கட்டியின் குளிரில் செய்ய வேண்டும். தில்லிக் கோடையில் மின்சாரம் போகும். குளிர் அறை தன் குளிரை இழக்கும். ஐஸ் இயந்திரம் நிற்கும். தான் கண்ட குறைவு முதுமையினுடையதா, மே மாதத்தினுடையதா என்பதுதான் அவளுக்கு எழுந்த ஐயம்.

பேராசிரியர் இதைக் கேட்டுச் சிரித்தாராம். இருக்கும் முடிவுகளே பட்டத்துக்குப் போதும், இந்தக் கேள்வியை யாரும் கேட்கப் போவதில்லை என்றாராம்.

"நீ என்ன சொன்னாய்?" என்றேன்.

"நான் கேட்டுட்டேனே சார்ன்னேன்."

கிழ எலிகளில் கடைசித் தொகுதி ஒன்று மீதம் இருந்தது. குளிர்காலம்வரை அவை உயிரோடிருக்கும் என்ற உறுதி இல்லை. அவளுடைய உதவித்தொகையின் காலமும் முடியவிருந்தது. சோதனையைக் கோடையிலேயே, ஆனால் குளிர் சற்றும் தவறாமல், செய்தாக வேண்டும். குறித்த நாளன்று காலையிலேயே மின்சாரம் போனது. ஆய்வுக்கூடத்தின் ஜெனரேட்டர், அரைத்த ஈரலைச் சுழற்றித் தெளியவைக்கும் கருவியை ஓட்டும், குளிர் அறையையும் ஐஸ் இயந்திரத்தையும் ஓட்டாது. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தான், ஆபீசுக்கு லீவு சொல்லுங்க. ஸ்கூட்டரை எடுத்துட்டு ஐ.என்.ஏ.வுக்கு வாங்க. சாக்கு ரெண்டு கொண்டாங்க."

அப்பளமும் முருங்கைக்காயும் வாங்க அந்தச் சந்தைக்கு மாதந்தோறும் போவோம். மீன் வரிசையின் பக்கம் திரும்பியதில்லை. அன்று புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அவள் முன்னே நடந்தாள். நான் சாக்குகளோடு பின்னால். கடைக்காரர் ஒரு மலையாளி. அவரிடம் நான் எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒருவன் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டேன்.

"மீன் படாத ஐஸ் இருக்குமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரே, மீன் தொடாத ஐஸ் வேணும்னா இமயமலைக்குப் போகணும். இங்கே எல்லாம் மீன் தொட்டதுதான்."

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள். அவள் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். "குழாய்க்கு வெளியதான் அத்தான் ஐஸு. உள்ளுக்குப் போகாது. நாத்தம் அடிச்சா ரிசெப்டருக்கு ஒண்ணும் ஆவாது, நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அவரிடம், "பெரிய பாளமா நாலு போடுங்க சேட்டா, ஜல்தி" என்றாள்.

ஆய்வுக்கூடத்தில் அன்று என் பணி பனிக்கட்டியை உடைப்பது. சாக்கோடு தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்துத் தூளாக்கி, தொட்டிகளில் நிரப்பிக்கொண்டே இருந்தேன். தொட்டியில் வெப்பமானி நின்றது. அது சற்றும் ஏறவிடாமல் அவள் காத்தாள். அவள் கைகளை அப்படி நான் பார்த்ததில்லை: விரல் நுனிகள் சிவந்து விறைத்திருந்தன, ஒரு துளிகூடச் சிந்தவில்லை. உதவிக்கு நின்ற இளைஞர்கள் யாரும் அன்று ஆண்டிஜி என்று அழைக்கவில்லை. மேடம் என்றார்கள்.

சாக்குகளைக் கழுவி எங்கள் பால்கனியில் உலர்த்தினோம். மறுநாள் எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம். குடியிருப்பில் எங்களுக்கு உறவு போன்றவர்.

"என்னளா இது, உன் வீட்டுல கவிச்சி வாடை வீசுது?"

"மீன்கடை ஐஸுக்கா. திங்கதுக்கு இல்ல. எலி ஈரலுக்கு."

அக்கா சாக்குகளை இன்னொரு முறை பார்த்தார். "மீனுன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ளா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் எங்கள் வீட்டில் காப்பி குடிக்கவில்லை.

எண்ணிக்கை வந்த மாலை அவளை அழைத்துவரப் போயிருந்தேன். ஸ்கூட்டரின் பின்னே ஏறி உட்கார்ந்து, "போச்சு அத்தான்" என்றாள். கிழ எலிகளின் ஏற்பிகள் இளம் எலிகளுடையவற்றுக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தன. அவள் ஆண்டுக்கணக்கில் அளந்தது முதுமையை அல்ல, தில்லியின் வெயிலை.

வீடு வந்தபின், பழைய முடிவுக்கும் புதிய முடிவுக்கும் ஒருசேர இடம் தரும் வாக்கியம் ஒன்றை என்னால் எழுதித்தர முடியும் என்றேன். அது என் தொழில்.

"அதெல்லாம் பார்லிமெண்டுக்கு எழுதிக் குடுங்க. இங்க ஆவாது" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவள் ஆய்வேட்டைக் கலைத்தாள். உதவித்தொகை நின்றது; பட்டம் ஓராண்டுக்குமேல் தள்ளிப்போனது. புதிய ஏட்டில், வெறும் ஏற்பி வெப்பத்தில் எவ்வளவு விரைவாகத் திறன் இழக்கிறது, ஹார்மோனைப் பற்றிய ஏற்பி அதே வெப்பத்தை எவ்வளவு தாங்குகிறது என்பதை எழுதினாள். தன் முதல் முடிவு எப்படிப் பிழையானது என்பதற்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வன்று நான் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். கதவு திறந்தபோது முதலில் வந்தது சிரிப்புச் சத்தம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஜூன் மாதத் தில்லியில் இவ்வளவு பனிக்கட்டி எங்கே கிடைத்தது என்று கேட்டாராம். அவள் உள்ளதைச் சொன்னாளாம். பேராசிரியர் என் கையைப் பற்றி, தம் மாணவர்களில் சொந்த முடிவைத் தானே உடைத்தவள் இவள் ஒருத்திதான் என்றார். நான் நன்றி என்றேன். எத்தனையோ சட்ட முன்வரைவுகளில் என் வரிகள் நிலைத்திருக்கின்றன. அந்தத் தாழ்வாரத்தில் உணர்ந்த பெருமிதத்தை அவை ஒருபோதும் தந்ததில்லை.

பத்தாண்டுக்குப் பிறகு அவள் மூளையில் ஒரு கட்டி வளர்ந்தது. முதலில் சொற்கள் போயின. சாவியைக் கரண்டி என்றாள், பின்னர் எதையும் சொல்லவில்லை. மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் ஊசி மருந்து ஒன்றைத் தொடங்கினார். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். டெக்ஸாமெத்தசோன். கதிரியக்கம் ஏற்றி அவள் சோதனைக் குழாய்களில் இட்ட அதே ஸ்டீராய்டு.

சில நாட்களில் பேச்சு திரும்பியது. காலையில் நான் உள்ளே நுழைந்தபோது, "அத்தான், காப்பி குடிச்சியளா?" என்றாள். குணமாகி வருகிறாய் என்றேன். மருந்து கட்டியைக் கரைக்கிறது என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை, ரஜாயோடு உட்கார்ந்திருந்த அந்த நாளின் பார்வை.

"இல்ல அத்தான். வத்துனது கட்டியைச் சுத்தி இருந்த வீக்கம்தான். கட்டி அப்படியேதான் இருக்கு. ரெண்டையும் சேத்து எண்ணிராதிய."

"சரி" என்றேன்.

"மகளை வரச்சொல்லுங்க. பேச்சு இருக்கப்பவே."

மகள் வந்தாள். எதிர்வீட்டு அக்காவும் தூக்குவாளியில் இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்தார். மருந்தால் அவள் முகம் உருண்டு, கன்னங்கள் சிவந்திருந்தன.

"இன்னும் ரெண்டு வைங்கக்கா. இந்த ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிவிட்டிரும்."

"தின்னுளா. எலி ஈரல் கேக்காம இருக்கியே, அதுவே போதும்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் சிரித்தாள். பிறகு மகளுக்கு, தன் உடம்புக்குள் அப்போது என்ன நடக்கிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்: மருந்து எப்படிச் செல்லுக்குள் போகிறது, ஏற்பி அதை எப்படிப் பற்றுகிறது, எது வற்றும், எது வற்றாது. ஒரு சொல்லும் தவறவில்லை. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.