கதைத்தாளா, கதை விட்டாளா? ஆல்பனிக்குக் கூட்டிப்போன அங்கோலா ராணி

போன சனிக்கிழமை எங்கள் நகரத்தின் தெற்கே ஒனிஹங்காவிலிருந்து வடக்கே ஆல்பனிக்குப் போனேன். அங்கே மாதமொரு முறை கூடும் தமிழ் வாசகர் வட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தந்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் மேடை! துணைக்குப் பதினான்கு வயது மகள். ஒரே நிபந்தனை: அலுப்படித்தால் பாதியில் எழுந்து பக்கத்து ஷாப்பிங் மாலுக்குப் போய்விடுவாளாம். தலையாட்டினேன். உண்மையில் அவள் ஒருத்தி கடைசிவரை உட்கார்ந்து கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. நான் தமிழில் சொல்லும் எதையும் அவள் மூன்று நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை.

ஹில்ஸ்பரோ வீட்டிலிருந்து ஒனிஹங்கா ஸ்டேஷனுக்குக் காரில் எட்டு நிமிடம். 9.40க்கு ரயில். நகரத்தில் இறங்கி 10.30க்கு வடக்கே போகும் இரட்டை மாடி பஸ். மேல்மாடியில் முன் இருக்கை கிடைத்தது! பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். நான் எழுந்தே நின்றுவிட்டேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பதினேழு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்.

நான் பேசப் போனது நானூறு வருடங்களுக்கு முந்திய அங்கோலா ராணியைப் பற்றி. தானே முன்னின்று படை நடத்தியவள். போர்த்துக்கீசரோடு சமாதானம் பேசி ஞானஸ்நானமும் பெற்றாள். அவர்கள் சொல் தவறியதும் ஒல்லாந்தரை, அதாவது டச்சுக்காரரை, சேர்த்துக்கொண்டு அவர்களையே அடித்தாள். ஒல்லாந்தர் கப்பலேறிய பிறகு, சண்டை போட்டுக் களைத்து, மறுபடி போர்த்துக்கீசரோடு ஒப்பந்தம். அடிமை வியாபாரத்திலும் அவளுக்குக் கை இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் இந்த இரண்டு பேரும் இதே வரிசையில் வந்தவர்கள் என்பதால் எனக்கு அவள் கதையில் தனி ஆசை.

பதற்றத்தில் எழுதிவைத்த தமிழ் பறந்து வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "ராணி முதல்ல போர்த்துக்கீசரோட கதைச்சா. பிறகு ஒல்லாந்தரோட கதைச்சா."

முன்வரிசையில் ஒரு மதுரைக்காரர் கையைத் தூக்கினார். "ஏங்க, போற எடமெல்லாம் கதை விட்டாங்களா? பொய்க்கார ராணியா?"

சபை சிரித்தது. கதைப்பது என்றால் யாழ்ப்பாணத்தவர் எங்களுக்குப் பேசுவது. அவர் காதில் அது கதை விடுவதாக விழுந்திருக்கிறது. பின்வரிசையில் மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"நோ, அங்கிள்," என்றாள். "அவ கதைச்சவ. கதையும் விட்டவ. ஷி நீடட் போத்."

மதுரைக்காரர்தான் முதலில் கைதட்டினார். மகள் பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது! போர்த்துக்கீசர் பிடித்துவைத்திருந்த ராணியின் தங்கை கதைக்கு வருவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: பஸ், ரயில் பயணக் கார்டில் ஆளுக்கு இருபது டொலர் இருந்தால் போய்வரத் தாராளம். சனிக்கிழமைகளில் ரயில் ஓடாமலும் இருக்கலாம், காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஷாப்பிங் மாலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நாங்கள் போகவில்லை. திரும்பும் ரயிலில் மகள், "தங்கச்சிக்கு என்ன நடந்தது?" என்று தமிழில் கேட்டாள். தொடங்கினேன். ஒனிஹங்கா கடைசி ஸ்டேஷன். எல்லோரும் இறங்கிப்போன பிறகு ரயில்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"வன் மினிட், ப்ளீஸ்," என்றாள் மகள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க கதையுங்கோ, அம்மா."