சலவை வேன் ஓட்டினவர்

அண்ணன்மேல் தம்பிக்கு ஏழு வருஷமாக ஒரு ஆத்திரம். வீடு வாசல் பிரித்ததில் வந்த ஆத்திரம் இல்லை. ஒருநாள் கோர்ட்டில், நாலு பேர் பார்க்க, அவன் பேச எழுந்தபோது அண்ணன் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். சொல்ல வந்ததை அவன் சொல்லவே இல்லை. தம்பி என்று பேர்தானே தவிர அப்போதே அவனுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் ஒருத்தனை வாயைப் பொத்தி உட்கார வைத்தால் அது லேசில் மறக்குமா?

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சலவைக் கடை நடத்தினார்கள். ஆஸ்பத்திரித் துணிதான் பிழைப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். உள்ளே மெஷினும் நீராவியும் தம்பி பாடு. வெளியே வேன், அது அண்ணன் பாடு. ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குப் போகும் சந்தில் வேன் நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். அண்ணன் அதில் பின்பக்கமாகவே போவார், ஒரு கையில் டீ டம்ளரோடு. வாட்ச்மேன் ஓடிவந்து டம்ளரை எட்டிப் பார்ப்பான். ஒரு சொட்டு தளும்பியிருக்காது.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே அந்த வேனைக் கட்டிக்கிட்டாரு. நான் ரெண்டாந்தாரம்" என்று அண்ணி சிரிப்பாள். அண்ணனும் மறுக்க மாட்டார்.

சலவைக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பையைத் துழாவாமல் எந்தத் துணியும் மெஷினுக்குள் போகக் கூடாது. டாக்டர் கோட்டில் பேனா இருக்கும், நர்ஸ் உடுப்பில் கத்தரிக்கோல் இருக்கும், ஒருமுறை யாரோ கழற்றிவைத்த பல் செட்டுகூட இருந்தது. தம்பியின் விரல்கள் தூக்கத்தில்கூடப் பை தேடும். ஆனால் வீட்டுத் துணி வேறு. சனிக்கிழமை எல்லா வேலையும் முடிந்தபின் இரண்டு வீட்டுத் துணியையும் ஒன்றாக அள்ளிப் போடுவான். அதில் பை பார்க்கிற வழக்கம் இல்லை. நம்ம வீட்டுப் பையில் என்ன இருந்துவிடப் போகிறது?

அந்தச் சனிக்கிழமை அண்ணன் சட்டைப் பையில் வேனுக்கு இன்சூரன்ஸ் பணம் கட்டச் சொல்லி வந்த காகிதம் இருந்தது. "பையில இருக்கு, எடுத்துக் கட்டிடுடா" என்று மெஷின் சத்தத்தில் கத்திச் சொல்லிவிட்டுத்தான் போனார். தம்பியும் தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே சட்டையைத் தூக்கி உள்ளே போட்டான். மெஷின் நின்றபோது கறுப்புக் கால்சட்டை முழுக்க வெள்ளைத் துணுக்கு. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கும்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை போய் வேறு காகிதம் வாங்கிவிடலாம் என்று நினைத்தான். திங்கட்கிழமை காய்ச்சல் வார்டு நிரம்பி, வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு துணி வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. பிறகு அது அவன் நினைப்பிலேயே இல்லை. நாற்பத்தொரு நாள் அந்த வேன் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியது. நாற்பத்திரண்டாம் நாள் பாலத்தடியில் போலீஸ் நிறுத்தியது.

கோர்ட்டுக்கு வரச் சொல்லிப் போலீஸ் கொடுத்த சீட்டோடு அண்ணன் கடைக்குள் வந்தார். தம்பி எதையும் மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னான். அண்ணன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் சிரித்தார்.

"ஊரான் பாக்கெட்டு அத்தனையும் துழாவுறே. கூடப் பொறந்தவன் பாக்கெட்டு ஒண்ணுதான் உன் கைக்குத் தெரியலையாக்கும்."

கோர்ட்டில் ஒரே கூட்டம். சுவரோரம் பெஞ்சுகள், மேலே பாதி சுற்றிப் பாதி நிற்கிற மின்விசிறி, ஆளாளுக்குக் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்சூரன்ஸா? முதல் தடவையா அண்ணாச்சி?"

"ரெண்டாவது" என்றார் அண்ணன். இளவயசில், வேறொருத்தர் லாரியை ஓட்டும்போது ஒருமுறை மாட்டியிருந்தார்.

"அப்ப லைசென்ஸை மேஜைமேல வெச்சுட்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். செருப்பு நல்லா இருக்கா?"

அண்ணன் குனிந்து செருப்பைப் பார்த்து, "வார் கொஞ்சம் தேஞ்சிருக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணன் லைசென்ஸ் தப்பும் என்று அவன் நம்பியிருந்தான். கடையும் வேனும் அவன் பேரில் இருந்தன. தப்பும் அவனுடையது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான்.

அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தலை நிமிராமலே கேட்டார்.

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

பெஞ்சிலிருந்து தம்பி எழுந்தான். "என் பேர்லதான்மா. அந்தக் காகிதம் வந்து..."

அப்போதுதான் அந்தப் பிடி. முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை. உட்காராமல் இருக்க முடியாது.

"அவனுக்கு இதுல சம்பந்தம் இல்லம்மா" என்றார் அண்ணன். "கட்டிட்டு வான்னு என்கிட்ட குடுத்துட்டான். நான்தான் சோம்பல்பட்டு விட்டுட்டேன்."

அண்ணனும் சோம்பலும்! எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா அதையும் அப்படியே எழுதினான். அபராதம், கூடவே லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு ரத்து. வருஷம் கழித்து கண் பரிசோதனையும் ஓட்டும் பரிசோதனையும் முடித்தால் திரும்பக் கிடைக்கும்.

வாசலில் தம்பி வெடித்தான். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா அண்ணே?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"தப்பு பண்ணவன் நான். எனக்கு வாய் இல்லையா?"

"வாய் இருக்குடா, அதான் பயம். முதலாளியே இன்சூரன்ஸ் இல்லாம வண்டி விட்டான்னு எழுதிட்டா ஆஸ்பத்திரிக்காரன் நாளைக்கே வேற ஆளுக்குத் துணியைக் குடுத்துடுவான். கடையில பன்னெண்டு பேர் வீட்டு அடுப்பு எரியணும். எனக்கு என்ன, ஒரு வருஷம். கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும்."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் தம்பிக்கு இன்னும் எரிந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு ஆறியிருப்பான். இது கழுத்தில் கட்டிய கல் மாதிரி ஆகிவிட்டது.

அண்ணன் கடையில் துணி மடிக்கிற மேஜைக்கு வந்தார். விரிப்பின் நாலு முனையையும் சேர்த்துப் பிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. அங்கே மடிக்கிற பெண்கள் கேலி பண்ணினார்கள். "பெரியவரே, இது ஸ்டீயரிங் இல்ல, துணி. திருகாதீங்க." அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் புது டிரைவர் வேனைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். "ஒடி... இன்னும் ஒடி... இப்ப நேராக்கு" என்று உதடு மட்டும் அசையும். வாசல் கேட்டில் வேன் உரசினால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாளும் அந்த ஆளை அவர் குறை சொன்னதில்லை.

வருஷம் முடிந்தது. அண்ணன் லைசென்ஸ் வாங்கப் போகவில்லை.

"போய் வாங்கிட்டு வாயேன்" என்பான் தம்பி.

"பாக்கலாம்."

ஆறு மாதம் கழித்தும் அதே பாக்கலாம். என்னைக் குத்திக்காட்டத்தான் இந்த மனுஷன் மேஜையை விட்டு நகராமல் நிற்கிறார் என்று தம்பி முடிவு கட்டினான். பேச்சு குறைந்தது. ஒரே கடையில், ஒரே நீராவியில், "அந்த மூட்டையை எடு", "இதை வை" என்பதற்குமேல் வார்த்தை இல்லை. இப்படியே வருஷங்கள் போயின.

போன மாதம் அண்ணன் மேஜையருகில் மயங்கி விழுந்தார். சர்க்கரை ஏறி, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வார்டுக்கு வெளியே தம்பி புலம்பினான்.

"வீம்பு அண்ணி. உடம்பைப் பாத்துக்கல, லைசென்ஸையும் வாங்கல. எல்லாம் எனக்குத் தண்டனை குடுக்கறதுக்குத்தான்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு தடவை போனாரு தம்பி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. பலகையில மூணாவது வரி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியல. சர்க்கரை கண்ணுல எறங்கிடுச்சாம். ஒழுங்கா ஓட்டிட்டு இருந்த அண்ணனை நான்தான் ஒரு வருஷம் உக்கார வெச்சுட்டேனேன்னு நீங்க வேற வெந்து போவீங்களாம். அதனால வீம்புன்னே நெனச்சுக்கட்டும்னாரு."

தம்பி வார்டுக் கதவைத் தள்ளினான்.

உள்ளே போனபோது அண்ணன் விழித்திருந்தார். விரிப்பின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார். "நம்ம துணிதான். கஞ்சி கொஞ்சம் தூக்கல்" என்றார். தம்பி கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தான். அண்ணன் விரலை மட்டும் அசைத்து நிறுத்தினார். இந்தத் தடவை அவனுக்குக் கோபம் வரவில்லை.

"சேர்க்கும்போது கீழ ஃபாரம் நிரப்புனியே, அதுல தொழில்னு கேட்டாங்களே. என்ன எழுதுனே?"

"துணி மடிக்கிறவர்னு எழுதினேன் அண்ணே."

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார்.

"இப்பவே கீழ போடா. அதை அடிச்சுட்டு டிரைவர்னு எழுதிட்டு வா."