மூணு சேரு கடுகு

குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் பரிசோதகராக நான் சேர்ந்த முதல் வாரம். சுற்றுக் கிராமங்களில் மாடுகளுக்குக் கோமாரி. அதனால் நாற்பது கேன்களையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தோம். கிருமி போய்விடும், க்ளோரின் வாடை தங்கிவிடும். அது பாலில் ஏறினால் அத்தனையும் சாக்கடைக்குத்தான்.

சூப்பரின்டெண்டென்ட் சொன்னார்: “ஏம்மா, நாலு மணிக்குப் பால் வந்துரும். ஒரு கேன்ல மருந்து வாடை அடிச்சாலும், பொம்பளைங்களுக்கு இந்த வேலை ஆகாதுன்னு மேல எழுதிருவேன்.”

நான் பட்டியல் போட்டேன்.

1. கரைசலைக் கொட்டுதல்.
2. மூடி, ரப்பர் வளையம் கழற்றுதல்.
3. மூன்று முறை கழுவுதல்.
4. கவிழ்த்து உலர்த்துதல்.

அதை மேஸ்திரி வெங்கடப்பாவிடம் கொடுத்துவிட்டு, க்ளோரின் சோதனைத் தாள் தயாரிக்க உள்ளே போனேன். அவருக்கு வாயைத் திறந்தால் தெலுங்கு. சேலத்திலிருந்து புதிதாக வந்த மாரியப்பனிடம் மூன்றாவது வரியைக் கத்தினார்: “மூடு சார்லு கடுகு!” மூன்று தடவை கழுவு என்று அர்த்தம்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தேன். மூக்கு எரிந்தது. மாரியப்பன் அரைத்த கடுகைத் தேங்காய் நாரில் தொட்டு, கேன்களின் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு முடிந்திருந்தது.

“என்ன மாரியப்பா இது?”

“மேஸ்திரிதானுங்கம்மா மூணு சேரு கடுகுன்னாரு. சந்தை முழுக்க அலைஞ்சு வாங்கியாந்தேன்.”

கொல்லைப்புறத்தில் மூடி கழற்றிக்கொண்டிருந்த வெங்கடப்பா ஓடிவந்தார். “ஒரேய், கடுகுன்னா கழுவுடா!”

“அப்ப தாளிக்கிறதுக்குப் போடறதை என்னம்பீங்க?”

“ஆவாலு!”

“இதை அப்பவே சொல்றதுக்கென்ன?”

சண்டைக்கு நேரமில்லை. பாய்லர் வெந்நீரில் மூவருமாக நாற்பதையும் மும்முறை கழுவினோம்.

நாலுக்குக் கால்மணி இருக்கையில் சூப்பரின்டெண்டென்ட் வந்தார். ஒவ்வொரு கேனிலும் மூக்கை நுழைத்தார். முப்பத்தெட்டு வரை தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி இரண்டில் முகம் சுளித்தார். தாளை வைத்தேன், லேசாக நீலம். க்ளோரின் இருக்கிறது.

“இந்த ரெண்டுல மட்டும் ஏம்மா வாடை?”

நான் வாய் திறப்பதற்குள் மாரியப்பன் முந்திக்கொண்டான். “அதுக்குக் கடுகு பத்தலைங்க.”

“கடுகா?”

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் ஒருமுறை தும்மினார். அந்த இரண்டையும் ஒதுக்கிவைத்தோம். மற்றவற்றில் பால் ஏறியது. மேலே அவர் எதுவும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவார்?

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். என் பட்டியலில் மூன்றாவது வரி இப்போது “தண்ணீரால் மூன்று முறை கழுவுதல்”. செய்யப்போகிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லாமல் நான் உள்ளே போவதில்லை. மாரியப்பன் ஒவ்வொரு முறையும் சரியாகவே சொல்வான். சொல்லிவிட்டு, “கடுகு வேண்டாங்களா?” என்றும் கேட்பான்.